கல் சரியவில்லை என்று சொன்ன நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் நடந்தது இது. புதூர்நாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, அப்பாவோடு சாமைக் கொல்லையில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கூரைக் கொட்டகை, ஒரு கேரம் போர்டு, காற்று நிற்காத ஒரு வாலிபால், பேட்டரி இருந்தால் மட்டும் பாடுகிற ரேடியோ, அவ்வளவுதான். ஆலங்காயத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோகிற கிராம சேவக், அதாவது அரசாங்கத்தின் ஊர் வளர்ச்சி ஊழியர், அதை ஆரம்பித்து வைத்திருந்தார். ஜீப் கிடைத்தால் ஜீப்பில் வருவார், இல்லாவிட்டால் வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவார். பதினாறு பையன்கள், மூன்று பெண்கள் சேர்ந்திருந்தோம். பெண்களைச் சேர்த்ததற்கே ஊரில் பலர் முகம் சுளித்தார்கள்.

மன்றத்தில் ஒரு விசித்திரமான விதி உண்டு. தலைவருக்குத் தேர்தல் கிடையாது. மாதா மாதம் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பேர் வந்தாலும் அவர்தான் அந்த மாதத் தலைவர். முடியாது என்று சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் எழுந்து நின்று பேச வேண்டும், வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கைதட்டல் வாங்குவதும் திட்டு வாங்குவதும் அவர்தான்.

நான் கடைசி வரிசை ஆள். கூட்டத்தில் யாராவது என் பக்கம் திரும்பினாலே செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். இத்தனைக்கும் எனக்கு அப்போது செருப்பே கிடையாது. சாமை அறுப்பு முடிந்த தை மாதத்தில் அந்தச் சீட்டில் என் பேர் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, "வந்தவங்க எல்லாரும் வந்துட்டீங்க" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மன்றத்து வரலாற்றிலேயே மிகச் சிறிய தலைமையுரை அதுதான் என்று என் கூட்டாளி ஒருவன் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மூன்று வாக்கியம் பேசினேன். அதற்கடுத்த வாரம், "நாளைக்கி கடப்பாற யாரு எடுத்தாறீங்க?" என்று கேட்டபோது நாலு பேர் கை தூக்கினார்கள். மறுநாள் நாலு கடப்பாரையும் வந்து நின்றது. நான் வாய் திறந்து கேட்டு ஒரு காரியம் நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகும்போது கால் தரையில் படவில்லை.

கடப்பாரை எதற்கு என்று சொல்லவில்லையே. ஊருக்கு மேலே முக்கால் மைல் தள்ளி ஓர் ஊற்று இருக்கிறது. எந்தக் கோடையிலும் வற்றாது. அதன் கீழே இருக்கிற பள்ளத்தில்தான் பெண்கள் தண்ணீர் மொண்டு, ஏற்றமும் இறக்கமுமாகச் சுமந்து வருவார்கள். அந்தத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி ஊருக்கே கொண்டுவந்துவிடலாம் என்று மன்றத்தில் முடிவானது. கீழே தொட்டி கட்ட கிராம சேவக் சிமெண்ட் வாங்கிக் கொடுத்தார். வேலை பெரிது என்பதால், அது முடிகிறவரை நானே தலைவனாக இருக்கட்டும் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. பதவி ருசித்துவிட்டது.

ஊரில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஊற்றுக்கண் அம்மனுடையது. அந்தப் பக்கம் பெண்கள் போகக் கூடாது. இன்னொன்று, பொங்கல் வைத்துப் படைக்காமல் ஊற்றிலிருந்து புதிதாக வாய் வெட்டித் தண்ணீர் விடக் கூடாது. ஆகவே கால்வாயை முழுசாக வெட்டி முடித்து, படையல் அன்றுதான் தண்ணீர் விட்டுப் பார்க்க முடியும். நடுவில் சோதித்துப் பார்க்க வழியில்லை. மட்டம் சரியாக இருந்தாக வேண்டும்.

மட்டம் பார்க்கக் கிராம சேவக் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். கொத்தனார்கள் செய்வதுதான். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து, பத்தடிக்கு ஒரு விரற்கடை இறக்கம் என்று குச்சி நட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கள் பத்தொன்பது பேரில் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது ஒரே ஒருத்திதான். எட்டாவது வரை படித்த பெண். எனக்குத் தங்கை முறை. பால்வாடி டீச்சர் பயிற்சிக்குத் திருப்பத்தூர் அனுப்பலாம் என்று கிராம சேவக் அவளுடைய அப்பாவிடம் பேசிப் பேசி, அவரும் அரை மனதாகத் தலையாட்டியிருந்த நேரம் அது.

மட்டம் ஊற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவள் தயங்கினாள். "நீ ஊத்துக்கண்ணுக்கு வர வேணாம், பத்தடி இந்தப் பக்கமே நின்னு கொழாயப் புடி. தலைவர் நான் சொல்றேன்" என்றேன். அவளை மேலே வரவழைத்தது நான்தான். அம்மன் கோயில் பூசாரி அதைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

பாதி வழியில் ஒரு பெரிய பாறை. கால்வாய் அதைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அங்கே வந்த அன்று குழாய்க்குள் காற்றுக்குமிழிகள் புகுந்துவிட்டன. குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிரப்ப அரை மணி நேரமாவது ஆகும். ஆறு பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா, கொழாய நெரப்பி இங்க ஒருக்கா பாத்துடலாம்" என்றாள் அவள்.

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் ஆறு பேர் முன்னால் "தெரியல" என்று சொல்ல வாய் வரவில்லை. "கண்ணாலயே தெரியுதே, எறக்கந்தான். வெட்டுங்கடா" என்றேன். என்ன குரல் அது! எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன் இப்போது அதிகாரி மாதிரிப் பேசுகிறான். பையன்கள் வெட்டிவிட்டார்கள். பாறையைத் தாண்டியதும் குழாயை ஒழுங்காக நிரப்பி, அங்கிருந்து அவள் மறுபடி மட்டம் பார்த்துக்கொண்டு போனாள். விட்டுப்போனது அந்த முப்பது அடிதான். மலைச்சரிவில் கண் ஏமாற்றும் என்பது மாடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். மனதில் முள் மாதிரி அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை படையல். ஆண்கள் சிலர் மேலே ஊற்றில் இருந்தார்கள். மற்ற எல்லோரும் கீழே புதுத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் குடத்துக்கு மஞ்சள் பூசிக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். ஊர் வழக்கு எதுவானாலும் அவர் சொல்வதுதான் முடிவு. கிராம சேவக்கும் வந்திருந்தார். மேலே பூசாரி மண்கரையை வெட்டித் தண்ணீர் விட்டார். அங்கே நின்ற ஆண்கள் போட்ட கூச்சல் கீழே வரை கேட்டது. அரை மணியில் தண்ணீர் வந்துவிடும் என்று நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தொட்டிக்கு வருகிற கால்வாய் வாயில் ஓர் எறும்பு நிதானமாக நடந்து போனதுதான் மிச்சம். மேலே இருந்தவர்களும் பூசாரியும் கால்வாயை ஒட்டாத குறுக்கு வழியில் இறங்கி வந்துவிட்டார்கள். தண்ணீரைக் காணோம்.

"பாத்துட்டு வர்றேங்க" என்று கால்வாய் ஓரமாக ஓடினேன். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று என் கால்களுக்குத் தெரிந்திருந்தது. பாறை வளைவில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கத்துப் பாறை வெடிப்பு வழியாகப் பள்ளத்தில் விழுந்து போய்க்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். நான் இறக்கம் என்று சொன்ன இடம் நாலு விரற்கடை மேடு.

இறங்கி வரும்போது மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான், மானம் போகக் கூடாது. இரண்டு மணி நேரம் வெட்டினால் சரியாகிவிடும். காரணம் என்ன சொல்வது? யோசித்துக்கொண்டே வந்து கவுண்டரிடம், "மேல பாற கிட்ட கல்லு சரிஞ்சு அடைச்சிக்கிச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். யாரையும் நோகடிக்காத சின்னப் பொய் என்றுதான் நினைத்தேன்.

பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா சொன்ன? கல்லு சரிஞ்சிச்சா? மழ இல்ல, காத்து இல்ல. இன்னிக்கின்னு பாத்து கல்லு எப்டி சரியும்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஆத்தாதான் உருட்டி வுட்டுருக்கா. பொம்பளப் பொண்ணு மேல வந்து நின்னாளே, நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

அவ்வளவுதான். கூட்டமே அந்தப் பெண் பக்கம் திரும்பியது. கூட்டத்தில் இருந்த ஓர் அம்மா தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "தண்ணி கிட்ட வெளையாடினா இப்டித்தான்" என்றாள். கிராம சேவக் ஏதோ சொல்ல வந்தார். அவர் வெளியூர்க்காரர், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவுண்டர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கிவிட்டு, "கால்வாய மூடிடுங்க. இனிமே மன்றத்துல பொண்ணுங்க வேணாம். இந்தப் பொண்ணு ஆத்தா முன்னாடி வுழுந்து கும்புட்டு, செஞ்சது தப்புன்னு ஒத்துக்கட்டும்" என்றார்.

அவள் அப்பா அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தார். "ட்ரெய்னிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்டுக்கு நட" என்றார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையோடு என்னைப் பார்த்து, "பாற வளைவுலயா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே கல் எதுவும் சரியவில்லை என்று அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னால் அந்த நேரத்தில் யார் நம்பப் போகிறார்கள்? நான் சொல்லாவிட்டால் அவள் போய் விழுந்து கும்பிட வேண்டும், திருப்பத்தூர் கிடையாது, ஊருக்குத் தண்ணீரும் கிடையாது. என் சின்னப் பொய் ஆத்தா கோபத்துக்குச் சாட்சியாகப் போய் நின்றுவிட்டது. அதைச் சொன்னவன் நான் என்பதால்தான் அத்தனை பேரும் நம்பினார்கள். மன்றத் தலைவர் ஆயிற்றே!

ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் நடுவே எங்கள் வயதுப் பையன்கள் பேசுகிற வழக்கமே கிடையாது. ஆனால் வாராவாரம் எழுந்து நின்று பேசிப் பழகியிருந்தேனே, அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியது. இரண்டு அடி முன்னால் போய், "கல்லு எதுவும் சரியலங்க" என்றேன். குரல் நடுங்கியது. "நான் பொய் சொன்னேன். பாற கிட்ட மட்டம் பாக்காம, கண்ணாலயே பாத்துட்டு வெட்டச் சொன்னது நான். இந்தப் பொண்ணு பாக்கலாம்னுதான் சொல்லிச்சு. நான் கேக்கல. அவள மேல வரச் சொன்னதும் நான்தாங்க. தப்பு என்னுது."

என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண்ணீர் முட்டியது. கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஆத்தா கோவம் இல்லன்றியா?" என்றார்.

"ஆத்தா கோவம் இல்லீங்க. என் திமிருங்க."

பூசாரி விடவில்லை. "அப்ப ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. பொய் சொன்னவன் பேச்ச நாங்க எப்டி நம்பறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

"நம்ப வேணாங்க, வந்து பாருங்க. அங்க ஒரு கல்லு சரிஞ்சு கெடந்தா நான் போயி ஆத்தா முன்னாடி வுழறேன்" என்றேன். ஆச்சரியம் என்னவென்றால், அப்போது என் குரலில் நடுக்கமே இல்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது குரலுக்கு ஒரு தெம்பு வருகிறது.

ஊரே ஏறி வந்து பார்த்தது. கல் இல்லை, குளம் கட்டி நின்ற தண்ணீர்தான் இருந்தது. கவுண்டர் குனிந்து மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, இத எப்டி சரி பண்ணுவ?" என்றார்.

நான் மன்றத்துப் பையன்களைப் பார்த்தேன். அவர்களுக்கு என் மேல் கோபம் இருந்தது, இருக்காதா? ஒரு மாதம் கை காப்புக் காய்க்க வெட்டியவர்கள். "இனிமே நான் தலைவர் இல்ல. இந்த வேலைக்கு இவதான் தலைவர். இவ சொல்ற எடத்துல நான் வெட்டறேன்" என்றேன். ஒரு பெண் தலைவரா என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பானே, அந்தக் கூட்டாளிதான் முதலில் கடப்பாரையை எடுத்தான். "எங்க வெட்டணும், சொல்லு" என்று அவளைக் கேட்டான்.

அவள் தாவணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். அவர் பிடித்திருந்த கையை விட்டார். "மொதல்ல கொழாய எடுத்தாங்க. இருக்கற தண்ணியக் கொட்டிட்டு, குமிழி இல்லாம புதுசா நெரப்புங்க. அவசரப்படாதீங்க" என்றாள். எங்கள் மன்றத்தில் ஒரு பெண் கொடுத்த முதல் உத்தரவு அது. இரண்டு பேர் ஓடினார்கள்.

மேலே ஊற்று வாயை மண் போட்டு அடைத்தோம். அந்த முப்பது அடியோடு நிற்காமல், மேட்டுக்குக் கீழே இருந்த பகுதியையும் சேர்த்து அவள் எண்பது அடிக்குக் குச்சி நட்டுக்கொண்டே போக, நாங்கள் வெட்டிக்கொண்டே போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஓர் இடத்தில் போதும் என்று நிமிர்ந்தேன். "அண்ணா, இன்னும் ரெண்டு வெரக்கட போவணும். கண்ணால பாக்காதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கவுண்டர்கூடச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே குனிந்து வெட்டினேன். அந்தச் சிரிப்பில் எனக்கு அவமானம் தோன்றவில்லை. திரும்பவும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றியது.

பொழுது மேற்கே சாயத் தொடங்கியபோது மறுபடி தண்ணீர் விட்டார்கள். பாறை வளைவில் வந்து ஒரு கணம் தயங்குவது மாதிரி நின்றது. பிறகு வளைந்து கீழே ஓடியது. காய்ந்த இலையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. நாங்கள் அதன் கூடவே கத்திக்கொண்டு ஓடினோம். தொட்டியில் முதல் தண்ணீர் விழுந்தபோது குலவை விட்ட பெண்களில், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட அந்த அம்மாவும் இருந்தாள்.

கவுண்டர் தண்ணீரில் கை கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போனார். "பொண்ண ட்ரெய்னிங்குக்கு அனுப்பிவெய்யி" என்றார். பூசாரி மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்பாவும் வீட்டில் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "ஏர் பூட்டலாம் வா" என்றார். அதோடு சரியாயிற்று.

அடுத்த கூட்டத்தில் சீட்டே குலுக்கவில்லை. எல்லோரும் அவள் பேரையே சொன்னார்கள். அவள் பயிற்சிக்குப் போகும்வரை அவள்தான் தலைவர். பிறகு பக்கத்து ஊர்ப் பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். நான் மலையிறங்கி வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரியாகவும் ஆனேன். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைக் கூடுதல் நேரம் ஊறவிட்டுக் கெடுத்துவிட்டு, பயந்துபோய் மறைக்கப் பார்க்கிற புதுப் பையன்களை எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். முதலில் நான் கெடுத்த தோல்களின் கதையை அவர்களுக்குச் சொல்வேன். தானாகவே உண்மை வந்துவிடும். நாலு பேர் முன்னால் நிற்க, பேச, வேலை வாங்க எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்தக் கூரைக் கொட்டகைதான் என்று எங்கே வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் அன்றைக்குத் தொட்டியிலிருந்து எல்லோரும் கலைந்து போகும்போது அவள் என் பக்கத்தில் வந்து சொன்னது ஒன்று இருக்கிறது. அதில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. "நல்லதாப் போச்சுண்ணா. ஆனா கீழ எறங்கி வந்தவொடனே நெசத்தச் சொல்லியிருந்தா, அவ்ளோ பேரு முன்னாடி நான் அழுதிருக்க மாட்டேன்" என்றாள்.

என்னைத் தைரியசாலி என்று அன்று ஊரே மெச்சியது, நானும் அதை நம்பத்தான் செய்தேன். ஆனால் எனக்குத் தைரியம் வரும்வரை கூட்டத்தின் நடுவில் அழுதுகொண்டு நின்றவள் அவள் என்பதை மறக்க முடியாததால்தான், தப்பு என்னுடையது என்றால் இன்றைக்கும் அடுத்த மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.